இடப்பாதி

எங்கள் விளையாட்டைப் பற்றி ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "சுவரைத் தவிர இதில் ஒன்றுமே இல்லை. இறக்கிய அன்றே அழித்துவிட்டேன்." கூடவே ஒற்றை நட்சத்திரம். நான் பதில் போட்டேன்: "சுவருக்கு நடுவில் வழியும் இருக்கிறது ஐயா. அதை வைக்கத்தான் நாங்கள் படாத பாடு படுகிறோம்." மறுநாள் பார்த்தால் மனுஷர் அதை மூன்று நட்சத்திரமாக ஏற்றியிருந்தார். கோபக்காரர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும். யாராவது வாய் திறந்து பதில் சொன்னால் பாதிக் கோபம் அங்கேயே போய்விடும்.

விளையாட்டின் பெயர் 'வெளியே'. வெள்ளைத் திரை, கறுப்புக் கோடுகள், அரிசியளவு ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை விரலால் இழுத்துக்கொண்டு போய்ச் சுவர்களுக்கு நடுவிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான். பாட்டு கிடையாது, மதிப்பெண் கிடையாது, ஓடுகிற கடிகாரம் கிடையாது. வழி தெரியாவிட்டால் அங்கேயே நிற்கலாம், யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ள மாட்டார்கள். ஒவ்வொரு புதிரையும் என் வீட்டுக்காரர் கையால்தான் வரைவார். கணினியிடம் விட்டால் நொடியில் ஆயிரம் போட்டுக் கொடுக்குமே என்று என் கொழுந்தன் கேட்டதற்கு, "மெஷின் போட்டா அதுல குறும்பு இருக்காதுடா" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அவர் வரைந்ததை விளையாட்டுக்குள் ஏற்றி வெளியிடுவது கொழுந்தனின் வேலை. வந்து விழும் கருத்துகளுக்குப் பதில் சொல்வது என் வேலை.

அதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது. அதற்கு முன் பல வருஷம் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் கேட்கும் இருக்கையில் உட்கார்ந்திருந்தவள் நான். "எல்லாம் பாத்துட்டேம்மா, மெஷின் ஓடவே இல்லை" என்பார்கள். பிளக் மாட்டியிருக்கிறதா என்று கேட்டால் சத்தம் அப்படியே அடங்கும். உலகத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் என்று சொல்கிறவர்கள்மீது எனக்கு அப்போதிருந்தே ஓர் எரிச்சல் உண்டு.

சாயங்காலமானால் இருவரும் கூடத்தில் டீயோடு உட்காருவோம். நான் கருத்துகளை வாசிப்பேன், அவர் கண்ணை மூடிக் கேட்பார். "அழகு. என் தலைவலி போய்விட்டது" என்று ஒருவர். "என் தலைவலியே இதனால்தான்" என்று அடுத்தவர். "இதிலிருந்து வெளியே வருவதைவிட என் மாமியார் வீட்டிலிருந்து வெளியே வருவது சுலபம்" என்று ஒரு பெண் எழுதியதற்கு அவர் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. திட்டையும் நான் ஒளிக்க மாட்டேன். உள்ளதை உள்ளபடி வாசிப்பேன்.

அவர் உண்மையில் காத்திருந்தது ஒரே ஒருவரின் கருத்துக்குத்தான். பெயருக்குப் பதில் ஒரு பூனையின் மீசையை மட்டும் படமாகப் போட்டிருந்த ஆள். ஆணா பெண்ணா தெரியாது. நாங்கள் பூனைமீசை என்று பெயர் வைத்திருந்தோம். ஒவ்வொரு புதிருக்கும் தனியாக எழுதும். "மூன்றாவது திருப்பம் அநியாயம். நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்." பாராட்டு என்றால் அவ்வளவுதான், அதற்கு மேல் வராது. புதுப் புதிர்கள் வெளியான நாள்களில் அவர் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே, "பூனைமீசை என்ன சொல்லுது?" என்று பத்துத் தடவை கேட்பார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகூட அப்படி நடந்திருக்காது.

ஒரு நாள் காலையில் அவர் சட்டையின் வலது கையை மட்டும் மாட்டிக்கொண்டு, மறுபாதி முதுகுக்குப் பின்னால் தொங்க, வெளியே கிளம்பத் தயாராக நின்றார். விளையாட்டுக்குச் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் மூளையில் ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது என்றார்கள். உயிர் பிழைத்தது. பேச்சு தெளிவாக வந்தது, வலது கை முன்போலவே ஓடியது, இடது கையும் காலும் மெதுவாகத் தேறின. போனதெல்லாம் வேறு.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளைதான் இடதுபக்கத்தைக் கணக்குல எடுத்துக்கலை" என்றார் டாக்டர். "இருட்டா தெரியுது, மங்கலா தெரியுதுன்னுகூட அவர் சொல்ல மாட்டார். அவரைப் பொறுத்தவரைக்கும் அப்படி ஒரு பக்கமே இல்லை. அது இல்லைங்கறதும் அவருக்குத் தெரியாது."

வீட்டுக்கு வந்ததும் அதன் அர்த்தம் புரிந்தது. தட்டில் வலப்பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்குக் கம்மியா வெச்சுட்டே" என்பார். முகத்தில் பாதியை மழித்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். பத்திரிகையில் ஒவ்வொரு வரியையும் நடுவிலிருந்து ஆரம்பித்து, "இப்பல்லாம் என்ன கண்றாவியா எழுதுறாங்க" என்று தூக்கிப் போடுவார். இடப்பக்கம் நின்று நான் எவ்வளவு திட்டினாலும், வீட்டில் யாருமே இல்லாததுபோல நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். கல்யாணமான நாளாக அவர் ஆசைப்பட்டது இதுதானே என்று கொழுந்தனிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

வாரத்தில் சில நாள் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். சின்ன வயசு, கறாரான வாய். நான் தட்டை அரை வட்டம் சுற்றி வைப்பதைப் பார்த்துவிட்டு அவள் போட்ட சத்தம் இருக்கிறதே!

"சுத்தி வெக்காதீங்கக்கா. பாதி இருக்குன்னு சொல்லுங்க. அவரே தேடிக் கண்டுபிடிக்கட்டும்."

"பாவமா இருக்கும்மா."

"பாவம் பாத்தா அவர் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். ஒவ்வொரு தடவை விட்டுப்போகும்போதும் உடனே சொல்லணும். நீங்க மறைக்க மறைக்க அந்தப் பக்கம் இன்னும் தூரமாப் போயிடும். இப்ப விட்டா அப்புறம் வராதுக்கா."

சரி என்றேன். தட்டைச் சுற்றுவதை நிறுத்தினேன். "இன்னும் பாதி இருக்குங்க, இடதுபக்கம் பாருங்க" என்று நச்சரித்தேன். அவர் கழுத்தை ஒரு விரற்கடை திருப்புவார், திருப்பியதே பெரிய காரியம்போல மூச்சு வாங்குவார், மூன்று தடவையில் ஒரு தடவை மிச்சச் சாப்பாடு கண்ணில் படும். சட்டைக்கும் சொன்னேன், முகத்துக்கும் சொன்னேன். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. பயிற்சிப் பெண் பந்தை எடுத்துக் கொடுக்கச் சொல்லும்போது, குழந்தைபோல நடத்துகிறார்களே என்று அவருக்கு உதடு துடிக்கும். ஒரு நாள் அவராகவே, "என் வரையிற பலகையை எடு" என்றார். விரலாலும் பேனாவாலும் வரைகிற அந்தத் திரைப்பலகையை மடியில் வைத்ததும் முதுகு நிமிர்ந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தார். அப்படி நாக்கைக் கடித்துக்கொண்டு வேலை செய்கிற அந்த மனுஷனைத்தான் நான் கட்டிக்கொண்டேன். அன்று மதியம் என் வீட்டுக்காரர் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

அவர் எதை வரைந்தாலும் முதலில் விளையாடிப் பார்ப்பது நான்தான். அது வீட்டு வழக்கம். பலகையை வாங்கிப் பார்த்தேன். வலப்பாதியில் பழைய ஆள் அப்படியே இருந்தார். நுழைவதும் வெளியேறுவதும் வலப்பாதியிலேயே. சந்து, அதற்குள் சந்து, வா வா என்று கூப்பிட்டு முட்டுச் சுவரில் விடுகிற அதே குறும்பு. நடுவிலிருந்து இடப்பக்கம் ஒரு கோடுகூட இல்லை. வெள்ளை. வெள்ளையடித்த சுவர்போல அப்படி ஒரு வெள்ளை.

"எப்படி?" என்றார், கண் பளபளக்க.

என் வாயில் உண்மை வந்து நின்றது. பயிற்சிப் பெண்ணின் குரல் காதில் கேட்டது. இதைச் சொன்னால் அவர் அந்தப் பேனாவை இனித் தொட மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. தட்டில் சோறு மிஞ்சினால் மனுஷனுக்கு ஒன்றும் ஆகிவிடாது. இது அவருடைய கை, அவருடைய மூளை, ஊருக்கு முன்னால் தலை நிமிர்ந்து நிற்க அவருக்கு இருந்த ஒரே காரணம்.

"கஷ்டமா இருக்குங்க" என்றேன். "சீக்கிரத்துல வெளிய வர முடியலை."

அவர் சிரித்தார். அதற்குப் பிறகு நான் எப்படி வாயைத் திறப்பேன்?

பத்துப் புதிர் முடிந்ததும் வெளியிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கொழுந்தன் வந்து பலகையைப் பார்த்தான். என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லிடலாம்."

"சொல்லிட்டு நீ உன் வீட்டுக்குப் போயிடுவே. அதுக்கப்புறம் அந்த முகத்தை நான்தானே பாக்கணும்?"

"இதை அப்படியே விட்டா கிழிச்சுத் தொங்கவிடுவாங்க. நீங்க அதை அவருக்கு வாசிக்க வேற வாசிக்கணும்."

"மிச்சப் பாதியை நான் போடுறேன்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். நான் ஒரு கோடுகூட நேராக வரைந்ததில்லை. ஆனாலும் அண்ணி ஒரு முடிவெடுத்தால் பிடிவாதம் எப்படியிருக்கும் என்று தெரிந்தவன். கடைசியில் இறங்கி வந்தான். அவனே ஒரு யோசனையும் சொன்னான்: "வழி வலதுபக்கத்துலயே முடிஞ்சுட்டா, நீங்க போடுற பாதியை யாரும் எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க. அண்ணன் போட்ட வழியில ஒரு இடத்தை அடைச்சுடுங்க. அப்பத்தான் புள்ளி இடதுபக்கம் போய்ச் சுத்திட்டு வரும்."

பயிற்சி முடிந்து மதியத்தில் அவர் அசந்து தூங்குவார். அந்த நேரத்தில் கூடத்தில் உட்கார்ந்து நான் வரைந்தேன். முதல் நாள் அழுகையாக வந்தது. பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை எடுத்தேன். வாஷிங் மெஷின் கம்பெனியில் ஒரு ஆளை எப்படி அலைய விடுவோம்? இல்லை என்று சொல்லவே மாட்டோம். அந்தப் பிரிவைக் கேளுங்கள் என்போம், அவர்கள் இன்னொருவரைக் கைகாட்டுவார்கள், கடைசியில் அந்த ஆள் முதலில் நின்ற இடத்திலேயே வந்து நிற்பார். அப்படியே போட்டேன். எனக்கிருந்த கோபத்தையெல்லாம் அந்தச் சந்துகளில் இறக்கினேன். டாக்டர்மேல் கோபம், அடைத்த ரத்தக் குழாய்மேல் கோபம், பாதிச் சாப்பாட்டோடு எழுந்து போகிற அவர்மேலும் கோபம். பிறகு அவர் போட்ட வழியில் ஓர் இடத்தில் சின்னதாக ஒரு கோடு இழுத்து அடைத்தேன். பத்துப் புதிரிலும் அப்படியே.

வெளியிட்ட பிறகு தன் புதிர்களை அவர் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். வழியெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவருக்கு அதில் என்ன இருக்கிறது? அந்தத் துணிச்சலில்தான் நான் இதையெல்லாம் செய்தேன்.

கருத்துகள் வந்தன. நன்றாகவே வந்தன. "திரும்பி வந்துட்டீங்களா!" "எங்கே போயிருந்தீர்கள்?" "இந்தத் தடவை ரொம்பத்தான் அலைய விடுறீங்க, பிடிச்சிருக்கு." எல்லாவற்றையும் வாசித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே தலையாட்டினார். மறுநாள் பூனைமீசையின் கருத்து வந்தது.

"வலப்பக்கம் நமக்குத் தெரிந்த ஆள். இடப்பக்கம் வேறு யாரோ. வலப்பக்கத்து ஆள் நம்மோடு விளையாடுகிறார். இடப்பக்கத்து ஆள் நம்மை வதைக்கிறார். வலப்பக்கத்தில் ஒரு சுவர் அந்த ஆள் வைத்ததில்லை, அது பத்திலும் இருக்கிறது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதா?"

முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு என் வீட்டு விஷயம் அத்தனையும் தெரிந்துவிட்டது.

"பூனைமீசை என்ன சொல்லுது?" என்றார்.

"அருமைன்னு எழுதியிருக்கு."

அவர் கண்ணைத் திறந்தார். "அருமைன்னா?"

"ஆமாங்க. ரொம்ப அருமைன்னு."

"பூனைமீசை அப்படி எழுதவே எழுதாது" என்றார். டீயை முழுசாகக் குடித்துவிட்டு உள்ளே போனார். நல்லவேளை, தப்பித்தேன் என்று நினைத்தேன். அவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் எனக்குப் புத்தி வரவில்லை.

அந்த வாரத்தில்தான் கொழுந்தன் அவருடைய போனில் ஒரு வசதி செய்து கொடுத்திருந்தான். வரிகளை வாசிக்க அவர் படும் பாட்டைப் பார்த்து, வருகிறதை எல்லாம் போனே சத்தமாக வாசிக்கும்படியும், அவர் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும்படியும் செய்திருந்தான். போனுக்குள் ஒரு பெண் குரல். உப்பில்லாத சாப்பாடுபோல, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் பேசும். அவர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அதோடு பேசிப் பழகிக்கொண்டிருந்தார். எனக்குச் சக்களத்தி வந்துவிட்டாள் என்று பயிற்சிப் பெண்ணிடம் சொன்னேன்.

மறுநாள் முற்பகல். அவர் அறையில் இருந்தார், நான் கூடத்தில் கருத்துகளோடு உட்கார்ந்திருந்தேன். துவைத்த துணி மடிக்காமல் கிடந்தது, அடுப்பில் வேறு ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. வரிசையாகப் பதில் போட்டுக்கொண்டே வந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பெயர் 'புது ஆள்'. ஒற்றை நட்சத்திரம்.

"முதல் புதிரிலேயே நிற்கிறேன். வெளியே வர வழி இல்லை. எல்லா இடத்திலும் பார்த்துவிட்டேன். எனக்கு ஆறுதல் வேண்டாம். இதற்கு வழி இருக்கிறதா இல்லையா என்று உண்மையை மட்டும் சொல்லவும்."

எல்லா இடத்திலும் பார்த்துவிட்டாராம்! எனக்கு அந்தப் பழைய எரிச்சல் சுர்ரென்று ஏறியது. பிளக்கை மாட்டாமல் போன் பண்ணுகிறவர்களில் இன்னொருவர். அடித்தேன் பதில்:

"எல்லா இடத்திலும் பார்த்த நீங்கள் இடது பக்கத்தை மட்டும் விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. அங்கேயும் பாதித் திரை இருக்கிறது ஐயா. விளையாடிய எல்லாருக்கும் அது தெரிகிறது. உங்கள் கண்ணுக்கு மட்டும் தப்புவானேன்? கொஞ்சம் கழுத்தைத் திருப்பிப் பாருங்கள், வழி கிடைக்கும்."

நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்கே ஒரு திருப்தி. அனுப்பிவிட்டு அடுப்பை அணைக்க எழுந்தேன். சமையலறை வாசலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன்.

அறைக்குள்ளிருந்து அந்தப் பெண் குரல் கேட்டது. "எல்லா இடத்திலும் பார்த்த நீங்கள் இடது பக்கத்தை மட்டும் விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது."

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் அவள் என் வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். நான் கேலியாக எழுதியதில் கேலி முழுக்கப் போய்விட்டிருந்தது. "உங்கள் கண்ணுக்கு மட்டும் தப்புவானேன்?" என்று அவள் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. முடிந்ததும் அவர் மறுபடி அதை வாசிக்க வைத்தார். முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை.

கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். கதவு அவருக்கு இடப்பக்கம், நான் வந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, மடியில் பலகையில் வெளியிட்ட முதல் புதிரைத் திறந்து வைத்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுதிய மாதிரியே. நரம்பு புடைக்கத் திருப்பினார். கண் மட்டும் நடுவில் வந்து நின்றுகொண்டது, அதற்கு இந்தப் பக்கம் வரவில்லை. என்னால் பார்க்க முடியவில்லை. சுற்றிக்கொண்டு போய் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன்.

"பதில் வந்துடுச்சு" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"நீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது."

"தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டே. அதுக்குத்தானே வேற பேருல கேட்டேன்? எனக்குன்னா நீ இதமாச் சொல்லுவே. விளையாடுறவங்களுக்குத்தான் உள்ளதைச் சொல்லுவே."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் என்னைத் தேற்றவில்லை. பலகையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"நான் போட்ட வழி இந்தச் சந்துக்கு மேலதான் போகும். இங்க ஒரு சுவர் இருக்கு. இதை நான் வெக்கலை. யார் வெச்சது?"

"நான்தாங்க."

"ஏன்?"

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. நடுவிலிருந்து இடப்பக்கம் அவர் எதுவுமே வரையவில்லை என்றேன், அவர் தூங்கும்போது நான் போட்டேன் என்றேன், பூனைமீசை என்ன எழுதியிருந்தது என்பதையும் வரிக்கு வரி சொன்னேன். பத்திலும் அப்படித்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பலகையின் இடது ஓரத்தை அவர் விரல் தடவப் பார்த்தது, நடுவுக்கு வந்ததும் நின்றுவிட்டது.

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அந்தப் பயிற்சிப் பொண்ணுக்கு?"

"அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா என்னைத் தொலைச்சிருப்பா."

"விளையாடுறவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு" என்றார். "ஊர் பூராத் தெரிஞ்சிருக்கு. போட்டவனுக்கு மட்டும் தெரியலை."

"ஏங்க..."

"தட்டுல மிச்சம் இருக்குன்னா சொல்றே. தாடியில பாதி நிக்குதுன்னா சொல்றே. இதுக்கு மட்டும் ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க வரையிறதை விட்டுடுவீங்கன்னு பயந்துட்டேன்."

அவர் கோபமாகக் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கோபக்காரர்களுக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

"ஆமா" என்றார் கடைசியில். "விட்டுடுவேன்."

பேனாவை மூடி என் மடியில் வைத்தார். நான் அதை அவர் கையில் திணிக்கப் பார்த்தேன். கொஞ்ச நாள் போகட்டும், பயிற்சியில் தேறிவிடும், நான் இனி ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொல்கிறேன் என்று என்னென்னவோ உளறினேன். அவர் விரல்களை மடக்கிக்கொண்டார்.

"நீ போட்டதை நான் பாக்கவே இல்லையே" என்றார். "ஒரு தடவை கூட்டிட்டுப் போ."

அவர் வலது கையின் சுட்டுவிரலைப் பிடித்துப் புள்ளியின்மேல் வைத்தேன். முதலில் அவருடைய சந்துகள். அங்கே நான் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை, விரல் தானாக ஓடியது. நான் அடைத்த இடத்தில் முட்டி நின்றது. பிறகு நான் இழுத்துக்கொண்டு போனேன். நடுவைத் தாண்டும்போது அவர் கை ஒரு கணம் தயங்கியது, பிறகு எனக்கு விட்டுக்கொடுத்தது. என் சந்துகள் நீளமானவை. ஒவ்வொரு திருப்பத்திலும், இதை ஏன் இவ்வளவு சுற்றவிட்டேன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் கண் வலப்பக்கத்திலேயே, எதுவும் நடக்காத இடத்திலேயே இருந்தது. ஊசி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களைப்போலப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்.

புள்ளி மறுபடி அவருடைய பாதிக்குத் திரும்பி வெளியே வந்தது. நான் விரலை விடவில்லை.

"முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சிடுச்சுங்க" என்றேன்.